கந்தோர் வெங்காயத்தை நீ கொண்டுபோகும்போது

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்கு எழுதிப் பதில் தருகிறேன் என்றேன். நேரிலேயே சொல்லியிருக்கலாம்தான். உன் மனைவி பக்கத்தில் நின்றாள். நீயோ என் பதிலை எனக்கு முன்பே தெரிந்துகொண்டவனின் முகத்தோடு இருந்தாய். அந்த முகத்துக்கு முன்னால் எனக்கு வாய் வருவதில்லை. வீட்டுக்காரர் இந்த வெள்ளவத்தை வீட்டைத் தன் மகளுக்குச் சீதனமாக எழுதப்போகிறார். மாத முடிவோடு நான் வெளியேற வேண்டும். கொட்டாஞ்சேனையில் உன் மனைவிக்குச் சீதனமாக வந்த வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது, வந்து எங்களோடு இருங்கோ ஐயா என்று மகனாகக் கேட்டாய். வருகிறேனா இல்லையா என்பதைக் கடைசித் தாளில் எழுதுகிறேன். அதைத் தேடி இப்போதே தாளைப் புரட்டாதே. முதலில் சட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வந்தாலும் வராவிட்டாலும் கந்தோர் வெங்காயம் வருகிற சனிக்கிழமை உன்னோடு வருகிறது. வீடு ஒதுக்கும் அமளியில் அது என் சாமான்களுக்குள் கிடந்து நசிபடக்கூடாது.

அது வெங்காயமில்லை என்பது உனக்குத் தெரியும். உன் மனைவிக்கு ஞாயிற்றுக்கிழமை சுருக்கமாகத்தான் சொன்னேன், ஆகவே இதை அவளுக்கும் வாசித்துக் காட்டு. ஆபிரிக்காவின் தெற்குக் கரையில், மழை குறைந்த பாறைச் சரிவுகளில் வளர்கிற ஒரு கிழங்கு அது. கோட்டையில் நான் வேலைபார்க்கும் கப்பற் கந்தோரில் முன்பிருந்த துரை, கேப் துறைமுகத்திலிருந்து மாற்றலாகி வந்தபோது அதைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். அவருடைய மேசைக்குப் பின்னால் யன்னல் விளிம்பில் அது இருந்தது. அவர் கையெழுத்திட்ட கடிதங்களில் பெரும்பாலானவற்றை எழுதியவன் நான். தலைமைக் கிளாக்கர் பதவி காலியாகும்போது அது எனக்குத்தான் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார், கேட்காமலே சொல்லியிருக்கிறார். பதவி காலியானது. எனக்குப் பின்னால் சேர்ந்த, அவரோடு கிரிக்கெட் பேசத் தெரிந்த ஒருவருக்கு அது போனது. அடுத்த மாதம் துரை ஊருக்குக் கப்பலேறினார். போகிற அன்று என்னைக் கூப்பிட்டு இந்தச் சட்டியைக் கையில் தந்தார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அப்படித்தான் அது நம் வீட்டுக்கு வந்தது. உன் அம்மா வாசற்படலையில் நின்று பார்த்துவிட்டு, "கந்தோரிலை உங்களுக்குத் தந்தது இதுதானோ?" என்றாள். பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

துரையை நான் மன்னிக்கவில்லை. ஆனால் செடியைப் பற்றி அவர் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. ஒரு மனிதர் ஒரு விஷயத்தில் மட்டும் பொய் சொல்லாமல் இருக்க முடியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். கிழங்கை மண்ணுக்குள் புதைக்கக்கூடாது. அடிப்பாகம் மட்டும் மண்ணில் பதிந்திருக்க, மிச்சம் முழுவதும் வெளியே தெரிய வேண்டும். வெளியே தெரிகிற பகுதி வெளிர்பச்சையாய், உரித்த தேசிக்காய்போல மினுங்கும். அதன் மேல் சருகுபோலத் தோல் காய்ந்து நிற்கும். உன் மனைவி துப்புரவுக்காரி என்று தெரிகிறது. அந்தத் தோலை அசிங்கமென்று உரித்துவிடவேண்டாம் என்று சொல். வெயில் கடுக்கும்போது அதற்கு அதுதான் சட்டை. சட்டி அகலமாகவும் ஆழமில்லாமலும் இருக்க வேண்டும். மண்ணில் பாதிக்கு மேல் பருமணலும் செங்கல் நொருங்கலும் அடுப்புக்கரியும் சேர வேண்டும். கடற்கரை மணலை அள்ளிப் போடாதே, உப்பு. நான் முதல் வருஷம் அதைத்தான் செய்தேன், கிழங்கு சுருங்கிவிட்டது. களனி ஆற்று மணல் வாங்கி மாற்றிய பிறகுதான் தேறியது. காலை வெயில் படுகிற யன்னலில் வை. மத்தியான வெயில் வேண்டாம். தென்மேற்கு மழை தொடங்கினால் யன்னலிலிருந்து ஒரு முழம் உள்ளே இழுத்து வை, சாரல்கூட ஆகாது. இன்னொன்று, அது நஞ்சு. ஆடு தின்றால் ஆடு செத்துப்போகும் என்று துரை சொன்னார். நாளைக்கு உங்களுக்குப் பிள்ளை பிறந்து தவழத் தொடங்கினால் சட்டியை உயரத்தில் வை.

அது முளைக்கிற நாட்களைப் பற்றி உனக்கு நான் எழுதத் தேவையில்லை, நீயே பார்த்திருக்கிறாய். கிழங்கின் நடுவிலிருந்து ஒரு பச்சை நூல் கிளம்பும். காலையில் கந்தோருக்குப் போகும்போது விரல் நீளம் இருக்கும். மாலையில் ரயிலால் இறங்கி வந்து பார்த்தால் சாண் நீளமாகியிருக்கும். இலை என்று சொல்ல ஒன்றுமில்லை. கொடி மட்டும் கிளைத்துக் கிளைத்து, பஞ்சை நீட்டி இழுத்ததுபோல, கிடைத்ததைச் சுற்றிக்கொண்டு ஏறும். அப்போது மட்டும் தண்ணீர் விடு. மேல்மண் காய்ந்த பிறகு விடு. யன்னல் கம்பியிலிருந்து சட்டிவரைக்கும் சணல் நூல் கட்ட வேண்டும், தளர்வாக அல்ல, இறுக்கி. உன் அம்மாவுக்கு அந்த நாட்களில் மட்டும் அதைப் பிடிக்கும். ஒருமுறை அது நூலை விட்டுவிட்டு அவள் தோய்த்துக் காயப்போட்ட சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. அவள் சேலையை எடுக்காமல் அன்று முழுவதும் அப்படியே விட்டாள். "பிடிச்சதை விடச் சொல்லி நான் எப்பிடிச் சொல்லுறது" என்றாள். நான் கத்தரிக்கோலால் கொடியை வெட்டிச் சேலையை எடுத்துக் கொடுத்தேன். சேலை வீணாகிவிடக்கூடாது என்பதுதான் என் எண்ணம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மணமாகிச் சில வருஷங்களிலேயே அவள் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் இருக்கப் பழகிவிட்டாள் என்று இப்போது நினைக்கிறேன். அந்த அமைதியை நான் நிம்மதி என்று எண்ணி அதற்குள் வசதியாக இருந்தேன். உன் வீட்டில் அப்படி ஓர் அமைதி வந்தால் அதை நம்பாதே.

சில மாதங்களில் கொடி நுனியிலிருந்து மஞ்சளாகத் தொடங்கும். அன்றைக்கே தண்ணீரை நிறுத்த வேண்டும். இதுதான் யாருக்கும் வராத பாடம். நம்முடைய சனங்களுக்குக் காய்கிற செடியைக் கண்டால் கை சும்மா இராது. அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், செம்பில் மிஞ்சிய தண்ணீர், எல்லாம் செடியின் அடிக்குத்தான் போகும். வீணாகக் கொட்டுவது பாவம் என்று வளர்ந்தவர்கள். உன் அம்மாவும் அப்படித்தான். "இஞ்சாருங்கோ, கேக்கத் தெரியாத சீவன் எண்டு தண்ணி விடாமல் வைச்சிருக்கிறியளே" என்பாள். அது தாகத்தில் காயவில்லை, தன் பாட்டில் ஓய்கிறது என்று எத்தனையோ முறை விளங்கப்படுத்தினேன். கொழும்பில் குண்டு விழுந்த வருஷம், எல்லாரும் குடும்பங்களை யாழ்ப்பாணத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது, உன்னையும் அவளையும் கோட்டையில் கொண்டுபோய் ரயிலேற்றினேன். பெட்டிக்குள் நிற்க இடமில்லை. யன்னலுக்குள்ளால் தலையை நீட்டி அவள் கடைசியாகச் சொன்னது, "நான் இல்லையெண்டு அதுக்குத் தண்ணி விடாமல் கொன்றுபோடாதையுங்கோ" என்பதுதான். நீ சிரித்தாய். சனங்கள் அழுதுகொண்டிருந்த அந்த மேடையில் நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். நீங்கள் திரும்பி வந்தபோது கொடி யன்னலின் மேல் சட்டத்தைத் தாண்டியிருந்தது. நான் சொன்னது சரி என்று அவளுக்குக் காட்டினேன். எனக்கு அது முக்கியமாக இருந்தது.

இனி உன் அம்மா செத்து முப்பத்தோராம் நாளைப் பற்றி எழுத வேண்டும். நாம் இருவரும் அதைப் பற்றி இன்றுவரை கதைக்கவில்லை. அந்தியேட்டிக் கிரியை முடிந்து கடற்கரையிலிருந்து எல்லாரும் வீட்டுக்கு வந்தோம். கிழங்கு அப்போது ஓய்ந்திருந்த நேரம்; கொடி காய்ந்து விழுந்து வெறும் உருண்டையாக இருந்தது. முன் யன்னலடியில் ஐயர் இருந்து கிரியை செய்ய இடம் வேண்டுமென்று நீ சட்டியைத் தூக்கிப் பின்விறாந்தைப் படியில் வைத்தாய். எங்கே வைத்தாய் என்று நான் பார்க்கவில்லை. அந்தப் படிதான் சாப்பிட்டவர்கள் கை கழுவுகிற இடம். வந்தவர்கள் பந்தி பந்தியாக இருந்து சாப்பிட்டார்கள். ஒவ்வொருவரும் எழும்பிப் போய்ச் செம்பில் தண்ணீர் அள்ளிக் கை கழுவி, வாய் கொப்பளித்து, மிஞ்சியதை, பாவம் காய்ந்துபோய்க் கிடக்கிறதே என்று, அந்தச் சட்டிக்குள் ஊற்றினார்கள். கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லை. குழம்பும் மோரும் உப்பும் கலந்த தண்ணீர் சட்டி நிரம்பி வழியுமட்டும் ஊற்றியிருக்கிறார்கள். நான் முன்விறாந்தையில் வந்தவர்களுக்கு வெற்றிலைத் தட்டம் நீட்டிக்கொண்டிருந்தேன்.

சில நாள் கழித்து அழுகல் மணம் வந்தது. கிழங்கின் ஒரு பக்கம் விரல் வைத்தால் உள்ளே போகுமளவு இளகியிருந்தது. அழுகத் தொடங்கினால் செய்ய வேண்டியது இதுதான், நன்றாகக் கவனி: கிழங்கை மண்ணிலிருந்து எடுத்து வேரைக் கழுவு. கூரான கத்தியை நெருப்பில் காட்டி, அழுகிய பகுதியை வெள்ளைச் சதை தெரியும்வரை செதுக்கு. ஒரு துளி பழுப்புநிறம் மிஞ்சினாலும் பயனில்லை. இரக்கப்பட்டு விட்டுவைத்தால் முழுவதும் போய்விடும். பிறகு வெட்டுவாயில் அடுப்புக்கரியை மாவாக அரைத்துப் பூசி, மண்ணில் வைக்காமல் காற்றுப்படுகிற நிழலில் வெட்டுவாய் காயும்வரை வை. நான் முன்விறாந்தையில் பத்திரிகையை விரித்து அதைச் செய்துகொண்டிருந்தேன். கிரியைக்கு வந்த உன் அம்மாவின் தமையன், உன் பெரிய மாமா, இன்னும் ஊருக்குத் திரும்பவில்லை. நீயும் அவரும் மற்ற உறவினரும் உள்ளே கதிரைகளில் இருந்தீர்கள். யாரோ என்னை உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். அப்போது மாமா சொன்னார்: "விடுங்கோவன். மனிசி செத்ததுக்கு வராத கண்ணீர், வெங்காயம் வெட்டினாலாவது வருதோ பாப்பம்."

எல்லாரும் சிரித்தார்கள். செத்த வீட்டில் ஒரு மாதம் சிரிக்காமல் இருந்தவர்கள், ஆகவே கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார்கள். நான் நிமிர்ந்து பார்த்தேன். நீயும் சிரித்தாய். வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாய். நான் திரும்பக் குனிந்து என் வேலையை முடித்தேன். அந்தக் கிழங்கை வெட்டினால் கண் எரியாது. அது உங்கள் ஒருவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

உன் மாமாவோடு அன்றைக்கு நிறுத்திய பேச்சை நான் இன்னும் தொடங்கவில்லை, தொடங்கப்போவதுமில்லை. உன் கல்யாணப் பந்தலில் அவர் கையை நீட்டியபோது நான் வேறு பக்கம் திரும்பியதை நீ கண்டாய். உன்னோடு பேச்சை நிறுத்த முடியவில்லை. ஒரே வீட்டில் இருந்தோம், காலையில் யார் பாண் வாங்குவது என்றாவது கதைக்க வேண்டியிருந்தது. மாமா சொன்னதில் பிழை என்னவென்று பிறகு யோசித்துப் பார்த்தேன். கண்ணீர் வரவில்லை என்பது உண்மைதான். ஆஸ்பத்திரியிலும் வரவில்லை, கனத்தைச் சுடலையிலும் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. துக்கத்தை அடக்கிவைத்திருக்கிறேன் என்று நீ உன் மனைவிக்குச் சொல்லியிருக்கிறாயாம். அப்படிப் பெரிதாக ஒன்றும் உள்ளே இல்லை. கையின் மேல் நெடுநேரம் படுத்துவிட்டால் அது மரத்துப்போகுமே, கிள்ளினாலும் வேறு யாருடைய கையோபோல இருக்குமே, அப்படித்தான் இருக்கிறது. அது தெளிந்து இரத்தம் திரும்ப ஓடும்போது ஊசி குத்துவதுபோல இருக்கும் என்பார்கள். எனக்கு இன்னும் ஊசி குத்தத் தொடங்கவில்லை. கந்தோருக்குப் போகிறேன், வருகிறேன், சாப்பிடுகிறேன். காலி வீதியில் தெரிந்தவர்கள் கண்டு கதைத்தால் கதைக்கிறேன். இதற்கும் கிழங்குக்கும் நீ உவமை கட்டாதே. பட்டம் படித்த உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. கிழங்கு கிழங்குதான், நான் நான்தான்.

வெட்டிய பிறகு மிஞ்சியது பாதிதான். அது பிழைத்ததா என்று கேட்டால் எனக்கே சரியாகத் தெரியாது. வெட்டுவாய் காய்ந்து தோல் மூடிவிட்டது. அமுக்கிப் பார்த்தால் கெட்டியாக இருக்கிறது, பச்சை நிறம் போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒருமுறைகூட முளைக்கவில்லை. வழக்கமாக முளைக்கிற காலம் வந்து போய்விட்டது. இதை மறைத்து உன்னிடம் தர விரும்பவில்லை. நீ கொண்டுபோவது உயிருள்ள செடியாகவும் இருக்கலாம், உயிருள்ளதுபோலக் கிடக்கிற ஒன்றாகவும் இருக்கலாம். எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: முளை தெரியும்வரை தண்ணீர் விடக்கூடாது. சோதித்துப் பார்க்கிறேன் என்று கொஞ்சம் விட்டுப்பார்க்கவும் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்காரரைப் பார்த்துவரப் போன நேரத்தில் உன் மனைவி அந்தச் சட்டிக்கு முன்னால் நெடுநேரம் நின்றாள். இது என்ன மாமா என்று கேட்டாள். சொன்னேன். இப்போது என்ன செய்ய வேண்டும் என்றாள். ஒன்றும் செய்யக்கூடாது, தண்ணீர்கூட விடக்கூடாது என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நான் மறந்துபோய் விட்டாலும் ஒருத்தரும் ஏசமாட்டினம். எனக்கேத்த செடி மாமா இது. எங்கடை வீட்டு ரோசாவெல்லாம் நான் மறந்துதான் செத்தது" என்றாள். பிறகு, உன் அம்மாவின் படத்தைப் பார்த்து, "மாமி எப்பிடிக் கதைப்பா?" என்று கேட்டாள். எப்படி இருப்பார், எப்படிச் செத்தார் என்று எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். எப்படிக் கதைப்பார் என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. நான் சேலையைக் கொடி பிடித்த கதையைச் சொல்லி, உன் அம்மா சொன்னதை அவள் சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டினேன். எனக்கு அது அப்படியே ஞாபகமிருந்தது எனக்கே புதினமாக இருந்தது. உன் மனைவி சிரிக்கவுமில்லை, கண் கலங்கவுமில்லை. "கத்தரிக்கோலோ எடுத்தனீங்கள்?" என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றேன். நீ வந்துவிட்டாய்.

இப்போது பதில். நான் வரவில்லை. சீதன வீட்டில் மாப்பிள்ளையின் தகப்பன் போய் இருந்தால் ஊர் கதைக்கும் என்பது ஒரு காரணம். அதை நீ உன் மாமியாருக்குச் சொல்லிக்கொள்ளலாம், அவர்கள் மனம் நோகாது. உனக்குச் சொல்வது வேறு. உன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கை மூடிய வாய்தான் எனக்குத் தெரிகிறது. கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் சண்டைபிடித்து முடித்திருக்கலாம். அதைப் பார்க்கிறேன், ஒன்றும் தோன்றவில்லை, மறுபடி அதைப் பார்க்கிறேன், அவ்வளவுதான். புதிதாகக் குடித்தனம் நடத்துகிறவர்களின் மேசையில் அப்படிப் பார்த்துக்கொண்டு ஒருவன் இருக்கக்கூடாது. நீ இதற்காக மன்னிப்புக் கேட்டு எழுதவேண்டாம். நீ கேட்டால் நான் சரி என்று எழுத வேண்டிவரும், அது பொய்யாகிவிடும். கேட்காமல் இருப்பதுதான் இப்போது நீ எனக்குச் செய்யக்கூடியது.

பாமன்கடைப் பகுதியில் ஒரு வீட்டின் பின்னறையை எடுத்திருக்கிறேன். கிளாக்கர்மார் சிலர் அங்கே தங்கியிருக்கிறார்கள், சாப்பாடும் அங்கேயே. கந்தோருக்குப் பஸ் இருக்கிறது. அறைக்கு ஒரு யன்னல், அது பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. ஆகவே செடி வைக்க உதவாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வெளியே போவதில்லை. வரலாம். வந்தால் தனியாக வரவேண்டாம், அவளையும் கூட்டிக்கொண்டு வா. நீயும் நானும் மட்டும் இருந்தால் கதைக்க ஒன்றும் இராது. அவள் வந்தால் உன் அம்மாவைப் பற்றி ஏதாவது கேட்பாள்; நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்; நீயும் பக்கத்தில் இருந்து கேட்கலாம்.

ஐயா